கேமில் நம்ம ஆட்கள் ஏன் இல்லை என்று கேட்கும் மகளும், கவலைப்படும் அம்மாவும்

வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நன்றாக வரைகிறாள். “கேம்ல வர்ற பொம்பளைங்க எல்லாம் வெள்ளையா ஒல்லியா இருக்காங்க, நம்மள மாதிரி ஆள் வந்தா ரவுடியா வர்றான், அதை மாத்துற வேலைக்குத்தான் போவேன்” என்கிறாள். நீங்கள் கேட்டிருப்பது மூன்று: இது ரம்மி மாதிரி சமாச்சாரமா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா, எங்கே எவ்வளவு கட்டிப் படிக்கவைப்பது.

ரம்மி பயத்தை முதலில் விடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடைசெய்தது காசு வைத்து ஆடும் ஆட்டங்களைத்தான். கதையும் பாத்திரங்களும் உள்ள வீடியோ கேம் தயாரிப்பது வேறு தொழில். உங்கள் மகள் பேசுவது இந்தத் தொழிலைப் பற்றி.

அவள் சொல்லும் குறையும் கற்பனை அல்ல. 2014-ல் யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் தன் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யில் பெண் பாத்திரமாக ஆட வழியில்லை என்றதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. நிறுவனம் சொன்ன காரணம், பெண்ணுக்கென்று அனிமேஷனும் உடைகளும் தனியாகச் செய்தால் வேலை இரட்டிப்பாகும் என்பது. ‘அன்சார்ட்டட்’ கேம் வரிசையில் நாடீன் ராஸ் என்ற கறுப்பினத் தென்னாப்பிரிக்கப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைக்கார நடிகை குரல் கொடுத்தார், அதுவும் விவாதமானது. மறுபக்கமும் உண்டு. புனேயின் நோடிங் ஹெட்ஸ் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யின் நாயகி ஓர் இந்தியச் சிறுமி. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-ல் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது.

இந்த உதாரணங்களில் அசாசின்ஸ் க்ரீட் விவகாரத்தை உங்கள் மகள் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டும். அங்கே தடையாகச் சொல்லப்பட்டது மனசு அல்ல, செலவு. ‘பாத்திரத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு ஒன்றையே ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைத்து, அசைவுகளை மாற்றிப் பொருத்தி, இந்தச் செலவைப் பாதியாக்கலாம்’ என்று செய்து காட்டத் தெரிந்த ஆளுக்குத்தான் ஸ்டூடியோவில் மதிப்பு. ‘பிரதிநிதித்துவ அதிகாரி’ என்று ஒரு நாற்காலி எங்கும் காலியாக இல்லை. பண்பாட்டு ஆலோசகர் வேலை வெளிநாட்டில் ஒப்பந்த அடிப்படையில் அங்கங்கே உண்டு. அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவள் கேரக்டர் ஆர்ட்டிஸ்டாக, அனிமேட்டராக, புரோகிராமராக, திரை வடிவமைப்பாளராக, கதை எழுதுபவளாக, டெஸ்டராக உள்ளே போக வேண்டும். அந்த வேலையின் வழியாகத்தான் இந்த மாற்றம் நடக்கும்.

வரைபவள் என்பதால் பாத்திரத்தின் உருவத்தைச் செய்யும் கேரக்டர் ஆர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு ஒரே ஒரு பாத்திரம் போதும், ஆனால் முழுமையாக. காசிமேட்டில் மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் தோல். வெள்ளைத் தோலுக்கான டெக்ஸ்சரை (மாடலின் மேல் போர்த்தும் படத்தை) எடுத்து பிரைட்னஸைக் குறைத்தால் கறுப்புத் தோல் வந்துவிடும் என்று நினைப்பார்கள். வருவது சாம்பல் பூசின முகம். தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளி எல்லா நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 2.8 சதவீதம். தோலுக்குள் போய்ச் சிதறி வெளியே வரும் ஒளியைத்தான் மெலனின் குறைக்கிறது. அதனால் கறுத்த முகத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுவது பெரும்பாலும் பளபளப்புதான். எந்த இடம் மினுங்கும், எந்த இடம் மங்கும் என்று சொல்லும் ரஃப்னஸ் மேப்பில் உழைக்க வேண்டும்: நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் வியர்வை மினுக்கு, கழுத்து மடிப்பிலும் முழங்கையிலும் வறட்சி. உள்ளங்கை, பாதத்தின் அடி, உதட்டின் உட்பக்கம் வெளிறி இருக்கும். இதை மறந்த மாடல்கள்தான் பெயிண்ட் அடித்த பொம்மை போல நிற்கின்றன.

விளக்கை முகத்துக்கு நேரே ஒன்று மட்டும் வைத்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் அகலமான மென்மையான விளக்கு ஒன்று, பின்னாலிருந்து ஓரத்தைத் தொடும் விளக்கு ஒன்று. சோதிக்கும்போது வெளிச்ச அளவைத் தானே மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் வெளிச்சமான வானம் வந்ததும் கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சின் காட்சியையே இருட்டாக்கும், முகம் காணாமல் போகும். அதே பாத்திரத்தை உச்சி வெயில், வீட்டு டியூப்லைட், ராத்திரித் தெருவிளக்கு என்று மூன்று வெளிச்சத்தில் ரெண்டர் (முடிந்த படம்) எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர் பாத்திரத்தின் அழகைவிட இந்த மூன்றையும்தான் அதிக நேரம் பார்ப்பார்.

அடுத்தது புடவை. ஐந்தரை மீட்டர் துணியையும், அசைவைக் கம்ப்யூட்டரே கணக்கிடும் கிளாத் சிமுலேஷனில் விட்டால் சாதாரண லேப்டாப் திணறும், கொசுவம் கலைந்து பறக்கும். கொசுவத்தை நிலையான வடிவமாகச் செதுக்கி, முன்பக்கம் மூன்று நான்கு எலும்புகள் கொண்ட சங்கிலியில் கட்டி, முந்தானையை மட்டும் சிமுலேஷனுக்கு விடுவதே நடைமுறை. எலும்புச் சங்கிலி இல்லாவிட்டால் நடக்கும்போது முழங்கால் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கட்டும் கவனிக்க வேண்டியது. கல்யாண வீட்டுப் பெண் போலத் தரையைத் தொடும் புடவையோடு யாரும் ஐஸும் தண்ணீரும் கிடக்கிற இடத்தில் மீன் விற்பதில்லை. தூக்கி இடுப்பில் செருகியிருப்பார்கள். இந்த விஷயம் வெளியூர் ஆர்ட்டிஸ்ட்டுக்குத் தெரியாது. உங்கள் மகள் தினம் பார்க்கிறாள். வட சென்னையில் பிறந்ததற்கு இந்தத் தொழிலில் உள்ள லாபம் இதுதான், சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் ‘பெண் நடை’ அனிமேஷன்களில் பல, இடுப்பை ஆட்டும் மேடை நடை. தலையில் கூடை சுமப்பவர் அப்படி நடந்தால் கூடை விழும். தெரிந்த ஒருவரிடம் சம்மதம் கேட்டு, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பத்துப் பத்து விநாடி போனில் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துக் கையாலேயே அசைவு அமைக்கட்டும். ஆனால் அவர் முகத்தை அப்படியே மாடலில் வைக்கக் கூடாது. பிரபலமானவர்களுக்கும் இதே விதி. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பக்கத்துப் பெண்தான். கேரம் ஆடும் நாயகி என்ற யோசனை அவரைப் பார்த்து வரலாம், அவர் முகமும் பெயரும் அனுமதி இல்லாமல் வரக் கூடாது.

புரோகிராமிங் பக்கம் சாய்ந்தால் தமிழ் எழுத்து ஒரு நல்ல வாசல். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ, தமிழ் போன்ற எழுத்துகளை இணைத்து ஒழுங்குபடுத்தாது. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ‘கோ’வில் முன்னால் வரவேண்டியதும் பின்னால் வரவேண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கோடோ 4, அன்ரியல் என்ற மற்ற எஞ்சின்களில், எழுத்தை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் உள்ளேயே இருப்பதால் இது சரியாக வரும். கொக்கு, தேனீ, பௌர்ணமி என்று மூன்று சொல்லை வைத்து எந்த கேமையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். இன்னொன்று, ஆட்டக்காரர் பெயர் கேட்கும் திரை. ‘கடைசிப் பெயர்’ கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று வைத்திருந்தால், இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் தமிழர் அந்தத் திரையைத் தாண்டவே முடியாது. ஒரே பெட்டி, எத்தனை எழுத்தானாலும் சரி என்று மாற்றுவது சின்ன வேலை. அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பவர்தான் நல்ல டெஸ்டர்.

எழுதுவதில் ஆசை இருந்தால் ஒரு பயிற்சி. போனில் உள்ள ஒரு கதை கேமை முதல் ஒரு மணி நேரம் ஆடி, கணக்கெடுக்கட்டும்: பேசும் பாத்திரம் எத்தனை, பெயர் உள்ளவர் யார், வேலை கொடுப்பவர் யார், அடிவாங்கிச் சாகிறவர் யார், ஒவ்வொருவரின் நிறம், பாலினம், பேச்சு வழக்கு. நம் ஊருக்கு இதில் சாதியையும் சேர்க்க வேண்டும். அது பெயரிலும் தொழிலிலும் பேச்சிலும் சத்தமில்லாமல் நுழையும். மெட்ராஸ் பாஷை பேசுபவன் காமெடியனாகவோ அடியாளாகவோ மட்டும் வருகிறானா என்று பார்க்கட்டும். பிறகு ஒரே பக்கத்தில் மாற்று யோசனை, செலவோடு: எந்த இரண்டு வசனத்தை மாற்றலாம், இருக்கும் எந்த மாடலையே வேறு பாத்திரத்துக்குப் பயன்படுத்தலாம். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். கணக்கு நன்றாக இருக்கும், கடைசிப் பக்கம் மேடைப் பேச்சாகிவிடும்.

இனிப் படிப்பு. கணக்குப் பாடம் இருப்பதால் பொறியியல் கலந்தாய்வு வழி திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். கலைப் பக்கம் போனால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி. வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான். தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் டிசைன் பட்டம் படிக்க யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கும், எந்த குரூப்பும் எழுதலாம், தொடர்ந்து இரண்டு ஆண்டு மட்டுமே வாய்ப்பு. பட்டம் முடித்தபின் பெங்களூரு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) கேம் டிசைனுக்கென்றே முதுகலை உண்டு.

எங்கள் சிபாரிசு கேட்டால், செலவில்லாத ஒரு அரசுப் பட்டம், அதோடு மேலே சொன்ன போர்ட்ஃபோலியோ. லட்சக்கணக்கில் கட்டி ஒரு வருட டிப்ளமோ வேண்டாம். ‘நூறு சதவீத வேலை’ என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால், போன வருடம் படித்த ஐந்து மாணவர்களின் வேலைப்பாடுகளைக் காட்டச் சொல்லுங்கள். தரும் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையை ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

கம்ப்யூட்டருக்கும் கடன் வேண்டாம். மாடல் செய்யும் பிளெண்டரும், மேலே சொன்ன கோடோவும் இலவசம், 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஓடும். அன்ரியலுக்கு வரும்போதுதான் 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்படும். ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்கினால், கிரிப்டோ மைனிங்கில் ஓடித் தேய்ந்ததாக இருக்கலாம். கடையிலேயே அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் கொளத்தூரில் அரசு நடத்தும் முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

வேலைச் சந்தை பற்றி இனிப்பாகச் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி சுமார் 900 பேரையும் வீட்டுக்கு அனுப்பின. இந்தியாவில் பெரிய பெயர்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத்தில்தான். மகள் வெளியூர் போக நேரும், அதை இப்போதே பேசி வையுங்கள். அதே கைத்திறன் சினிமா வி.எஃப்.எக்ஸ், கட்டட மாதிரிப் படங்கள், ஆப் வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் உதவும் என்பதால், கேம் வேலை ஓரிரு வருடம் தள்ளிப்போனாலும் சும்மா உட்கார வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. பெண் என்று தெரிந்தால் ஆன்லைன் ஆட்டங்களில் வாய்ஸ் சாட்டில் அசிங்கமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது அதை அணைத்து வைக்கட்டும். போர்ட்ஃபோலியோ பக்கத்தில் போன் நம்பரும் தெருப் பெயரும் வேண்டாம், வேலைக்கென்று தனி மின்னஞ்சல் போதும். யாராவது மிரட்டினால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். வேலைக்குப் போகும்போது, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்டூடியோவில் பாலியல் தொல்லை புகாருக்கு உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதற்குக் குறைந்த சின்ன ஸ்டூடியோ என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். நேர்காணலில் குழு யார் யார் என்று அவளே கேட்கலாம். பதில் சொல்லத் திணறும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு தடவை யோசிக்கட்டும்.