சாம்பியனைத் தீர்மானிக்கும் ஒரே இறுதியாட்டமான கிராண்ட் ஃபைனலே இல்லாத 1996 சூப்பர் லீக் சீசனில் என்ன சுவாரஸ்யம் இருந்திருக்கும்?

நிறைய இருந்தது. இங்கிலாந்து ரக்பி லீக்கில் எனக்கு மிகவும் பிடித்த சீசனே அதுதான். வேலை நிமித்தம் செயின்ட் ஹெலன்ஸில் சில காலம் குடியிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் 1996 பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்கள். அவர்களிடம் கேட்டதையும் பழைய ஆட்டப் பதிவுகளில் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து கைமாறும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் 2.

வடக்கு இங்கிலாந்தின் சுரங்க ஊர்களும் ஆலை ஊர்களும் நூறு வருஷமாகக் குளிரிலும் சேற்றிலும் ஆடிவந்த ஆட்டம் இது. 1995 ஏப்ரலில் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் சூப்பர் லீக் என்ற புதிய லீக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 8.7 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம் ஆனது. தொலைக்காட்சிக்காக ஆட்டம் கோடைக்கு மாறியது. கூடவே ஒரு விபரீத யோசனையும் வந்தது: காசில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்டு மூன்றையும் சேர்த்து ஒரே கிளப் ஆக்குவது, வாரிங்டனையும் விட்னஸையும் இணைப்பது, இப்படி. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் இரண்டாம் டிவிஷனை வென்றிருந்த கீத்லிக்கு மேலே போகும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அது பச்சை அநியாயம். இந்த சீசனை எவ்வளவு நேசித்தாலும் அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

மொத்தம் 12 கிளப்புகள். முதல் ஆட்டமே இங்கிலாந்தில் இல்லை. 1996 மார்ச் 29 அன்று பாரிஸில், சார்லெட்டி மைதானத்தில், புதிதாக உருவாக்கிய பாரிஸ் அணி 17,000க்கும் அதிகமான கூட்டத்தின் முன்னால் ஷெஃபீல்டு ஈகிள்ஸை 30-24 என்று வென்றது. அதற்குப் பிறகு பாரிஸ் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை.

உண்மையான கதை செயின்ட் ஹெலன்ஸுக்கும் விகனுக்கும் இடையில்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பரம்பரைப் போட்டி. விகன் தொடர்ந்து ஏழு முறை சாம்பியன். லீக்குக்கு வெளியே தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையைத் தொடர்ந்து எட்டு முறை வென்ற அணியும் அதுதான். அந்தக் கோப்பை ஓட்டத்தை 1996 பிப்ரவரியில் கீழ் டிவிஷன் அணியான சால்ஃபர்டு 26-16 என்று முடித்துவைத்தது. அப்போதே காற்று திசை மாறிவிட்டது என்பார்கள் செயின்ட் ஹெலன்ஸ்காரர்கள்.

ஏப்ரல் 27, வெம்பிளியில் கோப்பை இறுதியாட்டம். இரண்டாம் பாதியில் பிராட்ஃபோர்டு புல்ஸ் 26-12 என்று முன்னிலை. செயின்ட் ஹெலன்ஸ் கேப்டன் பாபி கோல்டிங் பந்தை வானத்தை நோக்கி உதைக்கிறார். கீழே தனியாக நிற்பவர் பிராட்ஃபோர்டின் ஃபுல்பேக் (கடைசித் தடுப்பாளர்) நேதன் கிரஹாம். பந்து நழுவுகிறது, ட்ரை. மறுபடியும் அதே உதை, அதே ஆள், ட்ரை. மூன்றாவது முறையும் அப்படியே. கன்னிங்ஹாம், பூத், பிக்கவன்ஸ் என்று மூன்று பேர் சில நிமிடங்களுக்குள் புள்ளியெடுத்துவிட்டார்கள். பார்க்கும்போது கிரஹாமுக்காக வயிற்றைப் பிசையும். 40-32 என்று செயின்ட் ஹெலன்ஸ் வென்றது. தோற்ற அணியின் 20 வயதுக் கேப்டன் ராபி பால் மூன்று ட்ரை எடுத்தார். வெம்பிளி கோப்பை இறுதியில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

விகனும் சும்மா இருக்கவில்லை. ரக்பி லீக் 1895இல் எந்த ஆட்டத்திலிருந்து பிரிந்துவந்ததோ, அந்த ரக்பி யூனியனின் பாத் அணியோடு மே மாதம் இரண்டு ஆட்டம் நடந்தது. லீக் விதிப்படி பாத்தை 82-6 என்று நொறுக்கினார்கள். ட்விக்கன்ஹாமில் யூனியன் விதிப்படி 44-19 என்று தோற்றார்கள். நூறு வருஷப் பகைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே மைதானத்தில் நின்றதே எனக்குப் பெரிய விஷயம்.

லீக் பட்டியலுக்கு வருவோம். 22 ஆட்டங்களில் இரண்டு அணிகளுக்குமே தோல்வி இரண்டுதான். விகன் லண்டன் பிராங்கோஸோடு ஒரு ஆட்டத்தை டிரா செய்திருந்தது. அந்த ஒரு டிராதான் பட்டத்தைத் தீர்மானித்தது: பட்டியலில் செயின்ட் ஹெலன்ஸ் 40 புள்ளி, விகன் 39. ஆகஸ்ட் கடைசியில், நோஸ்லி ரோடு மைதானத்தில், வென்றே ஆகவேண்டிய கடைசி ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸ்காரர்கள் வாரிங்டனை 66-14 என்று அடித்துத் துவைத்தார்கள். 1975க்குப் பிறகு அவர்களுக்கு முதல் லீக் பட்டம் அது. கோப்பையும் லீக்கும் ஒரே வருஷத்தில்.

செப்டம்பரில் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த பிரீமியர்ஷிப் இறுதியில் விகன் அவர்களை 44-14 என்று வென்றது உண்மை. அது தனிக் கோப்பை. 1998இல் வந்த கிராண்ட் ஃபைனல் முறை அப்போதே இருந்திருந்தால் அந்த ஒரு மாலையே விகனைச் சாம்பியன் ஆக்கியிருக்கும். ஐந்து மாதம் ஒரு டிராவுக்குக்கூட இடம் கொடுக்காமல் ஆடிய அணிக்குத்தான் பட்டம் சேரவேண்டும் என்பது என் கருத்து. விகன் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதிவுகளைத் தேடிப் பார்க்க நினைத்தால் வெம்பிளி ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குங்கள்.