எஃப்எல்ஜி22 போட்டும் லூமினால் ஒளி எழாதது ஏன்?

வணக்கம். அரபிடாப்சிஸ் (ஆய்வகச் சிறு செடி) இலை வட்டுகளில் 100 நானோமோலார் எஃப்எல்ஜி22 (செடியின் எதிர்ப்பைத் தூண்டும் பாக்டீரியப் புரதத் துண்டு) சேர்த்தும், தண்ணீர் மட்டும் விட்ட ஒப்பீட்டுக் குழியைவிட ஒளி ஏறவில்லை, விதை டபிள்யூஎஸ்-0 என்ற வகை என்று எழுதியிருக்கிறீர்கள். செடி எதிர்ப்பாக வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடால் ஒளிரும் வேதிப்பொருள்தான் லூமினால். உங்கள் கைமுறையில் தவறு தேடும் முன் விதையைப் பாருங்கள். டபிள்யூஎஸ்-0 வகையில் எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பி (செல் பரப்பில் உள்ள உணர்புரதம்) செயல்படுவதில்லை. பாக்டீரியக் கசையிழைப் புரதத்தின் இந்த 22 அமினோ அமிலத் துண்டைப் பிடிப்பதே அந்த ஏற்பிதான். அது இல்லாமல் செறிவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. அந்த ஏற்பி செயல்படும் கொலம்பியா-0 வகை விதைக்கு மாறுங்கள்.

உறுதிசெய்ய, அதே டபிள்யூஎஸ்-0 வட்டுகளில் 100 நானோமோலார் இஎல்எஃப்18 (வேறொரு பாக்டீரியப் புரதத்தின் துண்டு) போடுங்கள். அதை உணர்வது இஎஃப்ஆர் என்ற வேறு ஏற்பி. அது இந்த வகையில் நன்றாகவே வேலை செய்யும். ஒளி வந்தால் விடை கிடைத்துவிட்டது. வராவிட்டால் ஒரு குழியில் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். உடனே பளிச்சிடாவிட்டால் லூமினாலோ பெராக்சிடேஸோ (ஒளிரும் வினையை நடத்தும் நொதி) கெட்டிருக்கிறது.

கொலம்பியாவில் செய்யும்போது, பூக்காத 4–5 வாரச் செடியில் 4 மி.மீ. வட்டுகள் வெட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது: வெட்டுக்காயமே ஆக்சிஜன் வெடிப்பை (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் திடீரெனப் பெருகுவதை) கிளப்பி அடிமட்ட அளவைக் கெடுத்துவிடும். லூமினால், பெராக்சிடேஸ், எஃப்எல்ஜி22 கலந்த கரைசல் சேர்த்ததும் அளக்கத் தொடங்குங்கள். உச்சம் 10–15 நிமிடத்தில் வந்துவிடும். எஃப்எல்ஜி22 போன்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலைச் சேமிக்காமல் அன்றன்றே கலக்குங்கள். ஒருமுறை தூண்டிய வட்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைந்திருக்கும்.