நாற்பது வயது பாய்மரப் படகு: வாங்கலாமா?

கேள்வி: கொச்சியில் 32 அடி பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1984-ல் இங்கிலாந்தில் கட்டியது, ஃபைபர் உடல். அடியில் கொப்புளம் இருக்கிறது, தொடாதே என்கிறார் நண்பர். விற்பவரோ, "அந்தக் காலத்து ஃபைபர், நல்ல தடிமன், எதையும் தாங்கும்" என்கிறார். சென்னைக்குக் கொண்டுவந்து, அப்புறம் போர்ட் பிளேர் வரை ஓட்ட ஆசை. யாரை நம்புவது?
- ஒரு வாசகர், பெசன்ட் நகர்

பதில்: இரண்டு பேரும் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கிறார்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2022-ல் கிளம்பிய கோல்டன் குளோப் பந்தயத்தில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தது ரஸ்ட்லர் 36 ரக ஃபைபர் படகில்தான். 1988-க்கு முந்தைய வடிவமைப்புகளுக்கு மட்டுமே அந்தப் பந்தயத்தில் இடம். ஆனால் அங்கே வரும் படகுகளை அடியோடு புதுப்பித்த பிறகுதான் கடலில் இறக்குகிறார்கள்.

கொப்புளம் என்பது மேல்பூச்சு வழியாக நீர் கசிந்து ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசினுக்குள் தங்குவதால் வருவது. குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் வரும். பார்க்க அசிங்கம், செலவும் உண்டு. ஆனால் அதனால் படகு மூழ்குவது மிக அபூர்வம். விலையைக் குறைக்க அது நல்ல சாக்கு.

நான் பயப்படுவது டெக்கை, அதாவது மேல்தளத்தைப் பார்த்து. அந்தக் காலப் படகுகள் பலவற்றில் டெக் என்பது இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரக்கட்டை. திருகாணி ஓட்டை வழியே நீர் இறங்கினால் கட்டை ஊறி மக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேபோல் ஸ்குரூ டிரைவர் பிடியால் அடிக்கு அடி தட்டுங்கள். "டக்" என்றால் சரி. "தொப்" என்றால் உள்ளே ஊறியிருக்கலாம். நடக்கும்போது கால் அமுங்கினால் வேறு சோதனையே வேண்டாம்.

அடுத்தது, பாரம் இறங்கும் இடங்கள். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் வந்து சேரும் எஃகுப் பட்டைகள் டெக்குக்குள் மறைந்திருக்கும். ஈரத்தில் காற்றுப் படாமல் கிடந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்பிகளுக்குப் 10 முதல் 15 வருடம்தான் ஆயுள். மாற்றிய ரசீது இல்லையென்றால் புதுக் கம்பிச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் கனமான பாகம், போல்ட் போட்டுப் பூட்டியதா என்று கேளுங்கள். ஆமென்றால் அதன் பின்முனைக்கு நேர் மேலே, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தரை தட்டிய படகு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். 2014-ல் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிகி என்ற படகு கீல் கழன்று கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். சுக்கானைக் கையால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடக்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே, படகைக் கரையேற்றி, படகுகளைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் பார்த்துச் சரியில்லை என்றால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சர்வேயருக்குப் பதில் காசிமேட்டில் ஃபைபர் வேலை செய்பவரைக் கூட்டிப்போனால் போதாதா?

பதில்: கூட்டிப்போங்கள், ஃபைபர் ஒட்டு பற்றி அவர் கைக்குத் தெரிந்தது பல பேருக்குத் தெரியாது. ஆனால் பால்சா டெக்கும் கீல் போல்ட்டும் மீன்பிடிப் படகில் அவர் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. அதற்குச் சர்வேயர்தான்.