மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ டவர் இருக்கிறது. உச்சியில் இடிதாங்கியும் ரேடியோவுக்கென்று தனி எர்த் குழியும் போட்டால் மின்னலுக்குப் போதுமா?

போதாது. அந்தத் தனி எர்த் குழியை ஈபி எர்த்தோடு சேர்க்காமல் விட்டீர்களானால், இருப்பதைவிட நிலைமை மோசமாகத்தான் ஆகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

எங்கள் வீடு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில். அடியில் பாறை, மேலே கொஞ்சம் மண். சித்திரை, வைகாசியில் சாயங்காலமானால் இடி இடிக்காத நாள் குறைவு. ஒரு மே மாத மாலை, தூரத்தில் உறுமல் கேட்டதுமே ஆண்டெனா கேபிளை ரிக்கிலிருந்து (ரேடியோ செட்) கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, டவரிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்ற தென்னையில் இடி விழுந்தது. டவரைத் தொடக்கூட இல்லை. ஆனால் ரிக்கும் போனது, யு.எஸ்.பி. வயர் வழியாகக் கம்ப்யூட்டரும் போனது. மேசையில் பார்த்தால், கழற்றிப் போட்ட கேபிளின் கனெக்டர் பவர் சப்ளைப் பெட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கிடக்கிறது. கனெக்டரின் விளிம்பில் உலோகம் உருகி ஒரு சிறு மணிபோல் நிற்கிறது, அதற்கு நேர் எதிரே பெட்டியின் பெயின்ட் மிளகளவுக்குக் கருகி உரிந்திருக்கிறது.

என்ன நடந்திருக்கிறது என்றால், டவரின் எர்த் குழி கிழக்கே தென்னைப் பக்கம், ஈபி எர்த் மேற்கே மீட்டர் பெட்டிப் பக்கம். மரம் வழியாக மண்ணுக்குள் மின்னல் பாய்ந்தபோது கிழக்குக் குழியின் வோல்டேஜ் மேற்குக் குழியைவிடப் பல ஆயிரம் வோல்ட் ஏறிவிட்டது. இரண்டு குழிகளும் கிட்டத்தட்ட சந்தித்த ஒரே இடம் என் மேசை. ஒரு பக்கம் டவரோடு சேர்ந்த கேபிளின் உலோக உறை, மறுபக்கம் பிளக்கின் எர்த் பின் வழியாக ஈபி எர்த்தோடு சேர்ந்த பெட்டி. இடையில் இருந்த காற்றைத் தாண்டிவிட்டது.

எர்த் நல்லதாக இருந்தால் எல்லாம் உள்ளே போய்விடும் என்று நம்புகிறோம். சாதாரண மின்னலே 30,000 ஆம்பியர் இருக்கும். குழியை 1 ஓம் வரை கொண்டு வந்தாலும் (பாறை நிலத்தில் அது லேசில் நடக்காது) 30,000 வோல்ட் நிற்கும். அதைவிடக் கம்பியின் நீளம் முக்கியம். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் திடீரென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. அந்த 30,000 ஆம்பியர் 3 மைக்ரோ செகண்டில் ஏறினால் மீட்டருக்கு 10,000 வோல்ட் விழும், 10 மீட்டர் கம்பி என்றால் ஒரு லட்சம். அதனால் வோல்டேஜ் ஏறாமல் தடுக்க நம்மால் முடியாது. வீட்டில் உள்ள எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி செய்யலாம், அவ்வளவுதான்.

அப்புறம் நான் செய்தது இது. டவர் குழியையும் ஈபி குழியையும் வீட்டைச் சுற்றி மண்ணுக்குள் ஓடும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் சேர்த்தேன் (ஈபி பக்க இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்). கேபிளின் உறையை டவரின் உச்சியிலும் அடியிலும் டவரோடு கிளாம்ப் போட்டேன். மாடியிலிருந்து ஜன்னல் வழியாக நேரே உள்ளே வந்த கேபிளைச் சுவரோரமாகத் தரை வரை இறக்கி, அங்கே ஒரு உலோகத் தகட்டில் வாயுக்குழாய் அரெஸ்டர் (வோல்டேஜ் எகிறினால் அதை எர்த்துக்குத் திருப்பும் சாதனம்) வழியாக உள்ளே எடுத்தேன். ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டாரின் (ரோட்டர்) வயரும் அதே தகட்டுக்கு வந்துதான் உள்ளே போகிறது. மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர். இன்டர்நெட்டை ஃபைபருக்கு மாற்றினேன், கண்ணாடி இழை கரண்ட் கடத்தாது. ஆனால் அந்த வயரோடு தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஒட்டி வரும், அதை வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

இடிதாங்கி பற்றி: உங்கள் டவரே ஒரு இடிதாங்கிதான். மின்னலை அண்ட விடாமல் கலைத்துவிடும் என்று விற்கிற கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்குப் பட்டை வாங்குங்கள்.

குழியில் உப்பு கொட்டுகிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. மழையில் உப்பு கரைந்து போகும், போவதற்குள் குழாயையும் தின்றிருக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண் போடுங்கள். செம்பையும் ஜி.ஐ.யையும் நேரடியாகச் சேர்த்தாலும் ஈரத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், நடுவில் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் வையுங்கள். புது வீடு கட்டுபவராக இருந்தால் அடித்தளக் கம்பிகளோடு எர்த்தைச் சேர்க்க எஞ்சினியரிடம் இப்போதே சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஹெர்பர்ட் யூஃபர் என்பவர் அரிசோனாவின் வறண்ட மண்ணில் அமெரிக்க ராணுவ வெடிமருந்துக் கிடங்குகளுக்குச் செய்த முறை அது. கான்கிரீட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பாறை நிலத்துக்கு மிகவும் ஏற்றது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் கேபிளைக் கழற்றத்தான் செய்கிறேன், ஆனால் வீட்டுக்கு வெளியே, தகட்டிலேயே. பவர் சப்ளை பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கேபிள் பக்கமே போகாதீர்கள், போனால் ரிக் போகட்டும். புனேயில் உள்ள வானிலை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.டி.எம்.மின் தாமினி செயலி மின்னல் எச்சரிக்கை கொடுக்கும், அதை போனில் வைத்துக்கொண்டு முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

உங்கள் மீட்டர் பெட்டி வீட்டின் எந்தப் பக்கம், டவர் எந்தப் பக்கம், கேபிள் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கீழே எழுதினால், பட்டையை எப்படி ஓட்டலாம் என்று சொல்கிறேன்.