கரும்பில் செதில் பூச்சி: அடுத்த மருந்து எது?

கேள்வி: 2 ஏக்கர் கரும்பு, எட்டு மாதம். சோகையை (கரும்பு இலையை) விலக்கினால் தண்டில் சாம்பல் பூசியதுபோல் செதில் அப்பிக் கிடக்கிறது. கடைக்காரர் சொன்னபடி இமிடாகுளோபிரிட் இரண்டு முறை அடித்தும் செதில் அப்படியே இருக்கிறது. இப்போது வேறு மருந்தும் டானிக்கும் சேர்த்து அடிக்கச் சொல்கிறார். எந்த மருந்து நல்லது? (விழுப்புரம் மாவட்ட விவசாயி)

பதில்: எதுவும் வாங்காதீர்கள். எட்டு மாதக் கரும்பில் அடிக்கும் மருந்து சோகையிலேயே வழிந்துவிடும், தண்டில் படாது. செடிக்குள் ஏறி ஊடுருவும் மருந்து என்று சொல்லி இமிடாகுளோபிரிட்டை விற்றிருப்பார். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சிக்கு அந்த மருந்து சரி; அசுவினி சாறு ஓடும் குழாயில் வாய் வைக்கும். செதில் பூச்சி அப்படியல்ல. தண்டின் சதையில் ஊசி வாயைக் குத்தி, செல்லை உடைத்து உறிஞ்சுகிறது. அதனால்தான் தேன்போன்ற கசிவும் இல்லை, எறும்பும் மொய்ப்பதில்லை. குழாயில் ஏறும் மருந்து அதன் வாய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. இது தெரியாத கடைக்காரரிடம் டானிக் வேறு வாங்குவது தண்டச் செலவு.

இன்னொன்று, செதில் இருப்பதாலேயே பூச்சி உயிரோடிருப்பதாக நினைக்காதீர்கள். மெழுகும் உரித்த தோலும் சேர்ந்த மூடி அது. பூச்சி செத்தாலும் தண்டில் ஒட்டியே கிடக்கும். நகத்தால் ஒன்றை நெம்பிப் பாருங்கள். அடியில் மஞ்சளாக ஈரத்தோடு நசுங்கினால் உயிர் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் செத்தது. மூடியில் வட்ட ஓட்டை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலையை முடித்துவிட்டது.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இது எப்படி உங்கள் வயலுக்கு வந்தது என்று. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் ஊரும். இடம் பிடித்துக் குத்தியதும் காலும் போய்விடும், சாகும்வரை அங்கேயேதான். காற்றில் அக்கம்பக்கம் பரவலாம். ஊர்விட்டு ஊர் வருவது கரணையில்தான், அதாவது நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டில். உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறவர்கள் விதைக்கரும்பில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். ஆலைக்கு வெட்டுகிற கரும்பில் மலிவாகக் கிடைக்கிறதென்று கரணை எடுக்காதீர்கள். விதைக்கென்றே வளர்த்த ஆறேழு மாதக் கரும்பாக இருக்கட்டும். வயலில் நான்கு மூலையிலும் நடுவிலும் சோகையை உரித்து, தண்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு செதில் கண்ணில் பட்டாலும் அந்த வயல் வேண்டாம். கரணையை மாலத்தியான் பூச்சிமருந்தில் நனைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இப்போது நிற்கிற கரும்புக்கு? காய்ந்த சோகையை மட்டும் உரித்து வெளியே கொண்டுபோங்கள்; பச்சைச் சோகையைத் தொடாதீர்கள். ஐந்தாம், ஏழாம் மாதத்திலேயே இதைச் செய்திருக்க வேண்டும். தண்டு வெளியே தெரிந்தால்தான் பளபளப்பான கறுப்புப் பொறிவண்டு செதிலைத் தின்ன வரும். 1930களில் தென்னைச் செதிலுக்காக இந்தியாவிலிருந்து சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோன வண்டு அது. நம் வயலில் சும்மா வருவதை மருந்தடித்துக் கொல்கிறோம்.

ஆலை அலுவலரிடம் தண்டைக் காட்டி வெட்டு உத்தரவைச் சீக்கிரம் கேளுங்கள். தள்ளிப்போனால் எடையும் சர்க்கரையும் இறங்கும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு விடாதீர்கள். கட்டையைப் பெயர்த்து அகற்றிவிட்டு நெல்லோ உளுந்தோ போடுங்கள்.