தூக்கி உட்கார வைத்தால் போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகளில் நல்ல பலம். 'வீல்சேர் வசதி உண்டு' என்று போட்டிருந்ததை நம்பி ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். ரோலர் கோஸ்டரில் மட்டும் ஏற்றவே இல்லை. நானே தூக்கி உட்கார வைக்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. இது நியாயமா?

பதில்: பாதி நியாயம். ஏற்றிவிடுவதில் அவர்களுக்குச் சிக்கலே இல்லை, இறக்குவதில்தான் சிக்கல். ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது, அதனால் சென்சாரில் சின்னச் சந்தேகம் வந்தாலும் வண்டி தானாக நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் ஏற்றத்தின் உச்சிக்குப் பக்கத்தில். அங்கிருந்து எல்லோரும் ஒடுங்கலான இரும்புப் படியில் நடந்து இறங்க வேண்டும். அப்போது உங்கள் மகனை யார், எப்படி இறக்குவது என்பதற்கு அந்தப் பார்க்கிடம் பதில் இல்லை. அதை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வரிசையில் காக்கவைத்து முகத்துக்கு நேராகச் சொன்னதுதான் மோசம்.

'வசதி உண்டு' என்ற சொல்லும் ரொம்ப வழுக்கலானது. மாற்றுத்திறனாளிகளின் வசதிக்கான அமெரிக்காவின் 2010 விதிகளையே பாருங்கள்: புதிதாக அமைக்கும் ரைடில் வீல்சேரோடு ஏற இடம் இருக்கலாம், அல்லது வீல்சேரிலிருந்து மாறி உட்காரத் தோதான இருக்கை இருக்கலாம், அல்லது மாற்றி உட்கார வைக்கும் கருவி இருக்கலாம். மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மூன்றும் ஒன்றா என்ன? அதனால் அடுத்த முறை போன் செய்து, 'எந்தெந்த ரைடில் வீல்சேரோடு ஏறலாம், எதில் மாறி உட்கார வேண்டும், நடுவில் நின்றால் எப்படி இறக்குவீர்கள்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'வாங்க, பாத்துக்கலாம்' என்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. ரைடு இருக்கைகள் பெரும்பாலும் கெட்டியானவை, அவனுடைய வீல்சேர் குஷன் அங்கே கிடையாது. மடியை அழுத்தும் கம்பி தொடையில் பதிந்தாலும், குலுக்கலில் கால் போய் இடித்தாலும் அவனுக்குத் தெரியாது. இறங்கியதும் தொடை, முழங்கால், பின்பக்கம் எல்லாம் பாருங்கள். சிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முதல்முறை ஏற்றுவதற்கு முன்னாலும் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: வீல்சேரில் இருப்பவர்களுக்கென்றே கட்டிய பார்க் எங்காவது இருக்கிறதா? பேட்டரி வீல்சேரோடு தண்ணீர் விளையாட்டுக்குப் போக முடியுமா?

பதில்: இருக்கிறது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட், 2010-ல் திறந்தது. அங்கே குடைராட்டினத்தில் குதிரைகள் ஏறி இறங்கும்போது வீல்சேர் நிற்கும் மேடையும் கூடவே ஏறி இறங்கும். மற்ற பிள்ளைகள் சுற்றும்போது ஓரமாக நின்று கையசைக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம்.

பேட்டரி வீல்சேரைத் தண்ணீரில் இறக்காதீர்கள், மோட்டார் போய்விடும். அதே இடத்தில் 2017-ல் தண்ணீர்ப் பூங்கா திறந்தபோது இதற்காகவே தனி வீல்சேர் வைத்தார்கள். அதில் பேட்டரியே கிடையாது, சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தத்தில் ஓடும். பேட்டரி வண்டியை மணிக்கணக்கில் சார்ஜ் போட வேண்டும், இதில் சில நிமிடங்களில் காற்றை நிரப்பிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடலாம்.