உபயம் எழுதிய டியூப்லைட்டில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு, பொழுதுபோக்குத் துறைகளின் சந்தையிடுகையைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்களாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பீரியட் வீதம் பத்து வாரம் நடத்திப் பார்க்க ஆசை. செலவுக்குப் பணம் இல்லை. பையன்களுக்கு ஐபிஎல் தவிர வேறு பேச்சில்லை, பெண் பிள்ளைகளோ கிரிக்கெட் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: ஐபிஎல்லில் மட்டும் தொடங்காதீர்கள். தோனியா கோலியா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும், பாடம் வாசலிலேயே நிற்கும். முதல் வாரம் உங்கள் ஊர் அம்மன் கோயிலைப் பற்றிப் பேசுங்கள். அங்கே டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஸ்பான்சர் என்றால் என்னவென்று பாதி தெரியும். உபயம் சாமிக்குக் கொடுப்பது, பெயர் வந்தால் சந்தோஷம். ஸ்பான்சர் கொடுக்கிற காசோ கூட்டத்தின் கண்ணுக்கு விலை. அந்தப் பெயர் கண்ணில் படாவிட்டால் கொடுத்தவர் ஏமாந்தார் என்று அர்த்தம். இந்த வித்தியாசம்தான் நீங்கள் சொல்லித்தர வேண்டிய மீதிப் பாதி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு வேலூர்ப் பக்கம் ஒரு மின்னொளி கபடிப் போட்டிக்கு ஒரு கடைக்காரரிடம் பணம் வாங்கி, மைதானத்தின் ஓரத்தில் அவருடைய பேனரைக் கட்டினோம். ஆட்டம் தொடங்கியதும் ஜனங்கள் அந்தப் பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். ராத்திரி முழுக்க அதில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை. மறுவருடம் அவர் கடை வாசலிலேயே எங்களைப் பார்த்து, "வேலை இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார். பேனரைக் கூட்டம் நிற்கும் பக்கத்துக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மேலே கட்டியிருக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு கதையைச் சொல்லிவிட்டு, "நீங்களாக இருந்தால் எங்கே கட்டுவீர்கள்?" என்று கேட்டுக் கரும்பலகையில் மைதானத்தை வரையச் சொல்லுங்கள். ஒரு பீரியட் போவதே தெரியாது.

இரண்டாவது வாரம் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்தையே விற்பது ஒரு தொழில். ஆட்டத்தைக் காட்டி வேறு பொருளை விற்பது இன்னொரு தொழில். முதலாவதில் சரக்கு சீக்கிரம் கெட்டுவிடும். ஆம்பூர் ஷூ குடோனில் ஆறு மாதம் கிடந்தாலும் விலை குறைத்துத் தள்ளிவிடலாம். சனிக்கிழமை ஆட்டத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் விற்க முடியாது. சினிமாவுக்கும் இதே கதைதான். முதல் மூன்று நாளுக்காக அவ்வளவு போஸ்டர் ஏன் ஒட்டுகிறார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஐபிஎல்லை உள்ளே விடலாம், ஆனால் கணக்குப் பாடமாக. 2023 முதல் 2027 வரைக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் கணக்கிட்ட ஆட்டங்கள் 410. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆட்டத்துக்கு 118 கோடி, ஓவருக்கு ஏறத்தாழ 3 கோடி வரும். டிக்கெட் வாங்குகிறவனை நம்பி இந்தக் கடை ஓடவில்லை என்பது அந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடும். அடுத்து, டைட்டில் ஸ்பான்சர்களை, அதாவது காசு கொடுத்துப் போட்டியின் பெயரோடு தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களை, வரிசையாக எழுதுங்கள்: 2008 இல் டிஎல்எஃப், 2013 இல் பெப்சி, 2016 இல் விவோ, 2020 இல் ட்ரீம்11, 2022 முதல் டாடா. நடுவில் விவோ ஒருமுறை திரும்பி வந்தது. வீடு, குளிர்பானம், செல்போன், ஆன்லைன் விளையாட்டு என்று அந்தந்தக் காலத்தில் யாரிடம் பணம் புரண்டது என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும் இந்திய அணியின் சட்டையில் இருந்து ட்ரீம்11 மறைந்து, அடுத்த மாதமே அப்போலோ டயர்ஸ் வந்ததையும் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். கிரிக்கெட் தெரியாதவருக்கு இந்தப் பாடம் வராது என்பதே தவறான எண்ணம். தெரியாதவரை எப்படி இழுப்பது என்பதுதானே பாடம்! 2022 இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற, போட்டியின் சின்னமான 'தம்பி' குதிரையை நினைவுபடுத்துங்கள். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டமாகவே பெயின்ட் அடித்தார்கள். காய் நகர்த்தத் தெரியாதவர்களும் அங்கே போய் செல்ஃபி எடுத்தார்கள். நம் பக்கத்திலேயே பளுதூக்கும் வீரர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் இருக்கிறார். காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2018 என்று இரண்டு முறை 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கியவர். வேலூரில் எந்தக் கடைக்கு அவர் படம் பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். முறுக்குக் கம்பி என்று நாலு பேர் கத்துவார்கள். ஐந்தாவதாக ஒரு பிள்ளை வேறு ஏதாவது சொல்லிக் காரணமும் சொன்னால் அதுதான் நல்ல பதில்.

அமெரிக்கப் பாடத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். டெக்கா என்ற மாணவர் அமைப்பு 1946 இல் இருந்து அங்கே இருக்கிறது. அவர்கள் நடத்தும் போட்டியில் மாணவரிடம் ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள். பத்து நிமிடம் யோசித்துவிட்டு நடுவர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்களும் இப்படி வையுங்கள்: நீங்கள் டீக்கடைக்காரர், மாணவி பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஸ்பான்சர் கேட்டு வருகிறாள். "உதவி செய்யுங்கள்" என்று ஆரம்பித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள், அதில் பெற்றோர் எத்தனை பேர், பெயர் எங்கே எத்தனை முறை வரும், மைக்கில் சொல்வார்களா என்பதைப் பேசினால் உட்கார வையுங்கள். பிறகு அதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதச் சொல்லுங்கள். நல்ல தமிழில் ஒரு வியாபாரக் கடிதம் எழுதப் பழகுவது தனி லாபம்.

நிஜமாகவே ஸ்பான்சர் பிடிக்கப் போனால் தலைமையாசிரியர் அனுமதி முதலில். மாணவர் கையில் பணம் வேண்டாம். தண்ணீர், தொப்பி, கோப்பை என்று பொருளாக வாங்குங்கள். பீடித் தொழில் நடக்கும் ஊர்ப் பக்கம் என்பதால் இதையும் சொல்கிறேன்: பரிசோ ஸ்பான்சரோ வாங்கிக்கொண்டு புகையிலை பிராண்டை விளம்பரப்படுத்துவது 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரிந்தவர்தானே என்று வாங்கிவிடாதீர்கள். போஸ்டரில் சிஎஸ்கே சிங்கத்தையும் நடிகர் படத்தையும் ஒட்டப் பையன்கள் துடிப்பார்கள். அது இன்னொருவருடைய சொத்து என்று சொல்லி, பள்ளிக்கு ஒரு சின்னத்தை அவர்களையே வரைய வையுங்கள்.

பத்தாவது வாரம் விளையாட்டு விழாவில் வந்து முடிகிற மாதிரி நாளைப் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். ஜனவரி மட்டும் வேண்டாம். பொங்கலும் எருது விடும் விழாவும் வந்துவிட்டால், ஒவ்வொரு காளைக்கும் பெயரும் படமும் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கவே நம் ஊர் அச்சுக் கடைகளுக்கு நேரம் போதாது.